கணினி மட்டும் போதுமா?

ஏழைக் குழந்தைகளுக்கு 100 டாலரில் மடிக்கணினி என்று கணினி அறிஞர் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005-இல் அறிவித்தபோது உலகமே நிமிர்ந்து பார்த்தது. பச்சையும் வெள்ளையுமான அந்தக் குட்டிக் கணினியை 8 லட்சத்துக்கும் மேல் வாங்கிக் குவித்தது பெரு.

பலன்? அங்கே 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான அறிக்கை, கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் உயரவில்லை என்றது. பெரும்பாலான பள்ளிகளில் அப்போது இணையமே கிடையாது. ஆசிரியர்களுக்குக் கிடைத்த பயிற்சியும் சொற்பம்.

அதற்காகக் கணினியே வேண்டாம் என்பது அநியாயம்; வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கிடைப்பது மலைக்கிராமத்துப் பிள்ளைக்கும் கிடைத்தாக வேண்டும். 2007-இல் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய உருகுவே, கணினியோடு பள்ளிகளுக்கு இணையத்தையும் கொண்டுபோனது. பின்னர், ஆங்கில ஆசிரியர் இல்லாத வகுப்புகளில் திரைவழியே வெளியூர் ஆசிரியர் பாடம் நடத்த, வகுப்பாசிரியர் உடனிருந்து பயிற்சி கொடுத்தார்.

மடிக்கணினிக்கு டெண்டர் விடும் எந்த அரசும் ஆசிரியர் பயிற்சிக்கும் பழுதுபார்ப்புக்கும் அதே கோப்பிலேயே நிதி ஒதுக்க வேண்டும்.