வயலுக்கும் வீட்டுக்கும் ஒரு வண்டி: மொபெட்டா, மோட்டார் சைக்கிளா?

செய்யாறு வட்டத்திலிருந்து எழுதியிருக்கும் வாசகருக்கு இரண்டரை ஏக்கர் நிலமும் இரண்டு கறவை மாடுகளும் இருக்கின்றன. வீட்டிலிருந்த பழைய மொபெட் உழைத்து ஓய்ந்துவிட்டது. வேர்க்கடலை விற்ற பணத்தில் புது வண்டி வாங்க வேண்டும். நிலம் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர், பால் சொசைட்டி இரண்டு கிலோமீட்டர், உரக்கடையும் மண்டியும் பதினான்கு கிலோமீட்டர். கல்லூரியில் படிக்கும் மகன் கியர் வண்டிதான் வேண்டும் என்கிறான். மனைவி மொபெட்டே போதும் என்கிறார். பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்குப் பதினாறு வயது. அவளும் ஓட்டக் கற்றுக்கொண்டால் நல்லது என்பது வீட்டாரின் எண்ணம். எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறார்.

விவசாய இதழில் வண்டிக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். சிறு விவசாயி வீட்டில் விதை, உரம் போல வண்டியும் ஓர் இடுபொருள்தான். விதைக்கு ஆயிரம் ரூபாய் செலவழிக்க நாலு பேரிடம் விசாரிக்கிறவர்கள், பல ஆயிரம் ரூபாய் வண்டியை எதிர்வீட்டுக்காரர் வாங்கியதைப் பார்த்து வாங்கிவிடுவதும் நடக்கிறது.

மகன் முதலில் கேட்டது 350 சிசி க்ரூஸர் என்று கடிதத்தில் இருக்கிறது. அதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். தாழ்ந்த இருக்கையில் காலை முன்னால் நீட்டி உட்காரும் க்ரூஸரும், உயரமான டூரிங் வண்டியும் நெடுஞ்சாலையில் நாள் முழுக்கப் போவதற்காகச் செய்யப்பட்டவை. அந்த அளவு க்ரூஸர்கள் 190 கிலோ எடையை ஒட்டி இருக்கும். மழைக்காலத்தில் ஏரிக்கரை மண்ணில் ஒருமுறை சாய்ந்தால், தூக்கி நிறுத்த இன்னொருவரைத் தேடி வரப்பில் நடக்க வேண்டும். யூரியா மூட்டை வைக்கவும் அதில் இடம் கிடையாது. மகன் வேலைக்குப் போய் அவன் சம்பாத்தியத்தில் வாங்கட்டும். மீதி இருப்பது மொபெட்டும் 100 சிசி மோட்டார் சைக்கிளும்தான்.

ஓசூரில் 1980இல் தயாராகத் தொடங்கிய டிவிஎஸ் 50 தமிழ்நாட்டு கிராமங்களுக்குள் வந்த கதையைப் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றிய காலம் அது. இன்று அந்த வரிசையில் இருக்கும் எக்ஸ்எல் 100, நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் கொண்டது. ஆயில் கலக்கும் வேலை இல்லை. கியரும் கிளட்ச் கைப்பிடியும் கிடையாது. ஆக்சிலேட்டரைத் திருகினால் கிளட்ச் தானே பிடித்து வண்டி நகரும். வண்டியின் எடை 90 கிலோவுக்குள். இருக்கைக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே தாழ்வான திறந்த இடம் இருக்கிறது. மொபெட்டின் சிறப்பே அந்த இடம்தான். 100 சிசி மோட்டார் சைக்கிளில் அங்கே பெட்ரோல் டேங்க் உட்கார்ந்திருக்கும்.

அந்த இடம் ஏன் முக்கியம் என்பது சுமை ஏற்றும்போது தெரியும். முன்னால் காலடியில் வைக்கும் மூட்டை இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே, தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வண்டி ஆடாது. அதே மூட்டையைப் பின் கேரியரில் கட்டினால் பாரம் பின் சக்கரத்தின் மேலும் அதற்குப் பின்னாலும் விழுகிறது. முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் அலையும், மேட்டில் ஏறும்போது முன்பக்கம் தூக்கப் பார்க்கும். மோட்டார் சைக்கிளில் சுமைக்குப் பின்பக்கத்தைத் தவிர வேறு இடமில்லை.

வண்டியோடு வரும் கையேட்டில் அதிகபட்சச் சுமை எழுதியிருக்கும். யாரும் படிப்பதில்லை. எக்ஸ்எல் 100க்கு அது 130 கிலோ. இதில் ஓட்டுபவரின் எடையும் சேர்த்தி. 65 கிலோ ஆள் ஒரு யூரியா மூட்டையோடு போனால், மூட்டை 45 கிலோ, மொத்தம் 110. இன்னும் 20 கிலோ மிச்சம். இரண்டு மூட்டை வைத்தால் 155 ஆகி, அளவு தாண்டிவிடுகிறது. டிஏபி மூட்டை 50 கிலோ என்பதால் கணக்கு இன்னும் இறுகும். நெல் மூட்டை 40 கிலோவாகப் பிடித்தாலும் இரண்டு மூட்டையும் ஆளும் சேர்ந்து 145. மூன்று மூட்டை ஏற்றிப் போகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். வண்டி இழுத்துவிடும். பிரேக் பிடித்தால் நிற்குமா என்பதுதான் கேள்வி. 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையுள்ள புது வண்டிகளில், ஏபிஎஸ் இல்லாவிட்டால், பின் பிரேக்கைப் பிடித்தாலே முன் சக்கரமும் ஓரளவு பிடிக்கும் ஏற்பாடு கட்டாயமாக இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அது 130 கிலோவுக்குச் செய்த பிரேக்கை 200 கிலோவுக்கு ஆக்கிவிடாது. இந்த 130 கிலோ கணக்கு 100 சிசி மோட்டார் சைக்கிளுக்கும் பெரிதாக மாறாது. கியர் வண்டி என்றால் அதிகம் சுமக்கும் என்பது நம்பிக்கைதான்.

பால் கேன் கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 40 லிட்டர் பால் 41 கிலோவுக்குச் சற்று மேல், கேனின் எடை தனி. நிறைந்த கேனைவிட அரைக் கேன்தான் ஆபத்து. உள்ளே பால் அலம்பி, வளைவில் வண்டியை ஒரு பக்கம் தள்ளும். பக்கத்துக்கு ஒன்றாகக் கேன் தொங்கவிடுவதற்காகச் சாரி கார்டைக் கழற்றி வீட்டில் போட்டுவிடுகிறார்கள். மாலையில் அதே வண்டியில் மனைவி ஒருபக்கமாக உட்கார்ந்து வருகிறார். சேலைத் தலைப்பு சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்பதைக் கேள்விப்படாத ஊர் இல்லை. கேனுக்கான கொக்கியை, சாரி கார்டைக் கழற்றாமலே பொருத்தும்படி பட்டறையில் கேட்டு வாங்கலாம்.

மருந்து பாட்டிலையும் மளிகைச் சாமானையும் ஒரே பையில் கொண்டுவருவது இன்னும் நின்றபாடில்லை. மாட்டுத் தீவன மூட்டை மேலேயே களைக்கொல்லி டப்பாவைக் கட்டி வருகிறவர்களும் உண்டு. மருந்து தனியாக, மூடிய டப்பாவில் வர வேண்டும். மருந்து கலந்து நிரப்பிய ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது. உரம் ஏற்றிய நாளில் வண்டியின் காலடித் தகட்டைக் கழுவித் துடைத்துவிட வேண்டும். சிந்திய யூரியா ஈரத்தை இழுத்து, அந்த இடத்தில்தான் முதலில் துரு பிடிக்கும்.

மொபெட் தோற்கும் இடங்களும் இருக்கின்றன. 100 சிசி மோட்டார் சைக்கிளின் திறனில் ஏறத்தாழ பாதிதான் அதற்கு. போளூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறுகிறவர்களுக்கு மொபெட் சரிவராது. ஒரே கியரில், சுமையோடு, மேட்டில் மெதுவாக ஏறும்போது கிளட்ச் நழுவி நழுவிச் சூடாகும், கிளட்ச் கட்டைகள் சீக்கிரம் தேயும். டேங்க் 4 லிட்டர்தான், மோட்டார் சைக்கிள்களில் 9, 10 லிட்டர் பிடிக்கும். சக்கரமும் சிறியது. 16 அங்குலச் சக்கரம் இறங்கும் குழியை 18 அங்குலச் சக்கரம் தாண்டிவிடும். சின்ன வண்டி குறைவாகப் பெட்ரோல் குடிக்கும் என்பதும் முழு உண்மையில்லை. நெடுஞ்சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் மொபெட் இன்ஜின் கத்திக்கொண்டு ஓடும்போது, நான்காவது கியரில் மோட்டார் சைக்கிள் நிதானமாகப் போய்விடும். தினமும் 40, 50 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் போய்வர வேண்டியவர் யோசிக்காமல் மோட்டார் சைக்கிளையே வாங்கலாம். இந்த வாசகர் அப்படிப் போகிறவராகத் தெரியவில்லை. மகன் கல்லூரிக்குப் பஸ்ஸில்தான் போய்வருகிறான்.

கடிதத்தின் நடுவே, கேள்வியோடு சேராததுபோல ஒரு வரி இருக்கிறது. வாசகர் வண்டியை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டால், மனைவி சாயங்காலப் பாலைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்கு நடக்கிறாராம். போக வர நாலு கிலோமீட்டர். சில நாள் நேரம் கடந்து, பாலைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார். முடிவு இந்த வரியில்தான் இருக்கிறது. கியர் வண்டி வந்தால் அதை ஓட்டப் போவது அப்பாவும் மகனும். மொபெட் வந்தால் மூன்று பேர். சேலையோடு காலைத் தூக்கிப் போடாமல் ஏறி உட்கார முடிகிற, கியர் மாற்றத் தெரிய வேண்டாத வண்டி அது. செல்ஃப் ஸ்டார்ட் உள்ள ரகமாக வாங்கினால் உதைக்கவும் வேண்டாம். மூன்று, நான்கு மணி நேரம் ஓட்டப் போகிற மகனுக்காக வாங்கும் வண்டி பகலெல்லாம் வாசலில் நிற்கும்; அம்மா ஓட்டத் தெரிந்த வண்டி ஒரு நாளில் மூன்று வேலை செய்யும். இந்தக் குடும்பத்துக்கு மொபெட்தான் சரி.

மகள் விஷயம் வேறு. கியர் இல்லாத வண்டிக்குப் பதினாறு வயது போதும் என்று ஊரில் பேச்சு. அது 50 சிசி வரையுள்ள வண்டிக்கு மட்டும். எக்ஸ்எல் 100 அந்தக் கணக்கில் வராது, அதற்குப் 18 வயது முடிய வேண்டும். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, வயது வராத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றவருக்கு அல்லது வண்டிக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. இரண்டு வருடம் சைக்கிளிலேயே போகட்டும்.

மனைவி உடனே எல்எல்ஆர் போட வேண்டும். அது ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழித்து ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கலாம். கியர் இல்லாத வண்டிக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் அந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு கியர் வண்டி ஓட்ட முடியாது என்பதை மகனும் தெரிந்துகொள்ள வேண்டும். அவன் கியர் வண்டிப் பிரிவில் வாங்கினால் இரண்டையும் ஓட்டலாம்.

பணத்தைப் பற்றி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள இருசக்கர வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. அதற்கு முன் விசாரித்து வைத்த விலையை வைத்துக்கொண்டு பேச வேண்டாம். கையில் இருப்பது போதாமல் டியூவில் எடுப்பதானால், ஷோரூமில் சொல்லும் வட்டி ‘ஃப்ளாட்’ வட்டியா என்று கேட்க வேண்டும். 50,000 ரூபாய்க்கு 12 சதவீத ஃப்ளாட் வட்டியில் இரண்டு வருடம் என்றால் வட்டி 12,000, மாத டியூ 2,583. ஒவ்வொரு மாதமும் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு 50,000க்கும் ஓடுகிறது. குறையும் அசலுக்கு வட்டி போடும் வங்கிக் கணக்கில் பார்த்தால் இது 21 சதவீதத்தைத் தாண்டிவிடும். பயிர்க் கடனை எடுத்து வண்டி வாங்குகிறவர்கள் குறைந்த வட்டி என்று நினைக்கிறார்கள். அடுத்த பட்டத்தில் உரம் வாங்கக் கையில் காசில்லாமல் தண்டல்காரரிடம் போகும்போது அந்த லாபம் அங்கே போய்ச் சேரும். கடலைப் பணம் வருடத்துக்கு ஒருமுறைதான் வரும், டியூ மாதாமாதம் வரும். பால் பணத்தில் கட்ட முடிகிற அளவுக்கு மட்டும் கடன் வைத்துக்கொள்ளலாம்.

இன்சூரன்ஸில் எதிராளிக்கான காப்பு, புது வண்டிக்கு ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே கட்டப்படுகிறது. நம் வண்டியின் சேதத்துக்கான பாலிசி வருடத்துக்கு ஒருமுறை முடிந்திருக்கும். ஐந்து வருடம் கட்டியாகிவிட்டதே என்று பலர் அதைப் புதுப்பிக்காமல் விடுகிறார்கள். உரிமையாளரே ஓட்டும்போது நேரும் விபத்துக்கு 15 லட்சம் ரூபாய் காப்பு உண்டு. அது ஆர்சி புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு மட்டும், அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால் மட்டும். கணவர் பெயரில் வண்டியும் மனைவி கையில் ஹேண்டிலும் இருந்தால் அந்த 15 லட்சம் மனைவிக்கு வராது. காலையும் மாலையும் சொசைட்டிக்குப் போகப் போவது மனைவிதான் என்றால், லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு வண்டியை அவர் பெயரிலேயே பதிவு செய்யலாம். அதுவரை இரண்டு மாதம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை. பழைய மொபெட்டைப் பட்டறையில் விட்டுச் சங்கிலியும் பிரேக் கட்டையும் மாற்றினால், எல்எல்ஆரோடு மனைவி ஓட்டிப் பழகுவதற்கு அது போதும்.