எகிப்தின் ரொட்டி: கடன் வாங்கியவர் யார், கட்டுபவர் யார்?

அரபு நாடுகள் பலவற்றில் ரொட்டிக்கு 'குப்ஸ்' என்று பெயர். எகிப்து மக்கள் அதை 'ஐஷ்' என்கிறார்கள். அச்சொல்லுக்கு 'வாழ்க்கை' என்று பொருள். 2024 ஜூன் 1 அன்று அந்த வாழ்க்கையின் விலை ஒரே நாளில் நான்கு மடங்கானது. ரேஷன் அட்டைக்கு 5 பியாஸ்டருக்குக் கிடைத்த ரொட்டி 20 பியாஸ்டரானது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எந்த ஆட்சியாளரும் தொடத் துணியாத விலை அது.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. 1977 ஜனவரியில் சர்வதேச நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்) ஆலோசனைப்படி அதிபர் சாதாத்தின் அரசு உணவு மானியங்களைக் குறைத்தது. மக்கள் தெருவில் இறங்கினார்கள். இரண்டே நாட்களில் எழுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அரசு பின்வாங்கியது. பின்னாளில் வந்தவர்கள் வேறு வழி கண்டார்கள். விலையைத் தொடாமல் ரொட்டியைச் சிறிதாக்கினார்கள். 2020 ஆகஸ்டில் 110 கிராம் ரொட்டி 90 கிராமானது.

எகிப்து மட்டுமல்ல. 1984-ல் துனீசியா, 1989-ல் ஜோர்தான், 2018-ல் சூடான் என்று ரொட்டிக்கும் எரிபொருளுக்கும் விலை ஏறியபோதெல்லாம் தெருக்கள் கொந்தளித்தன. 'கட்டமைப்புச் சீரமைப்பு' என்ற அழகிய பெயருக்குள் இருப்பவை பெரும்பாலும் ஒரே நிபந்தனைகள்தாம்: நாணய மதிப்பைக் குறை, மானியத்தை வெட்டு, வரியை உயர்த்து, அரசு நிறுவனங்களை விற்றுவிடு.

2016 நவம்பரில் எகிப்து ஐ.எம்.எஃப்-பிடம் 12 பில்லியன் டாலர் கடன் பெற்றது. அதற்காக நாணயத்தைச் சந்தையின் போக்குக்கு விட்டது. சுமார் 9 பவுண்டாக இருந்த ஒரு டாலர் சில வாரங்களில் 18-ஐ எட்டியது. 2024 மார்ச்சில் புதிய கடன் 8 பில்லியன் டாலராக விரிவுபடுத்தப்பட்ட அன்றே பவுண்டு மீண்டும் சரிந்தது. 31 பவுண்டாக இருந்த டாலர் ஏறத்தாழ 50 ஆனது. கோதுமைக்கு வெளிநாட்டை நம்பியிருக்கும் நாட்டில் இதன் பொருள் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

விளைவு வீடுகளுக்குள் தெரிந்தது. அரசின் சொந்தக் கணக்கின்படியே, 2015-ல் 27.8 சதவீதமாக இருந்த வறுமை 2018-ல் 32.5 சதவீதமானது. 2023 செப்டம்பரில் பணவீக்கம் 38 சதவீதத்தைத் தொட்டது. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில் அரசின் ஊட்டச்சத்து நிறுவனம், மலிவான புரதத்துக்குக் கோழிக்கால்களைச் சாப்பிடலாம் என்று யோசனை சொன்னது. மக்கள் அதை அவமானமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

ஐந்து பேர் கொண்ட குடும்பம் தலைக்கு 5 ரொட்டி வீதம் வாங்கினால் மாதம் 37.50 பவுண்டு செலவானது, இப்போது 150 பவுண்டு. வசதியுள்ளவருக்கு இது சில்லறை. தினக்கூலிக்காரர் வீட்டிலோ இந்த வித்தியாசம் ஒரு குழந்தையின் டியூஷன் கட்டணத்திலிருந்தோ முதியவரின் மருந்திலிருந்தோதான் எடுக்கப்பட வேண்டும். எதை நிறுத்துவது என்று முடிவெடுக்கும் சுமை பெரும்பாலும் தாயின் தலையில் விழுகிறது.

அரசின் தரப்பையும் கேட்போம். ஒரு ரொட்டிக்கு 125 பியாஸ்டர் செலவாகிறது, இன்னும் பெரும்பகுதியை நாங்களே ஏற்கிறோம் என்று 2024-ல் அது சொன்னது. 'தகாஃபுல்', 'கராமா' என்ற பெயர்களில் ஏழைகளுக்கு உதவித்தொகையும் தருகிறது. இவை உண்மைதான். ஆனால் விலைவாசி ஓடும் வேகத்துக்கு உதவித்தொகை நடந்துகூட வருவதில்லை.

இதைவிட முக்கியமான கேள்வி, வாங்கிய கடன் எங்கே போனது என்பது. 2013-ல் 50 பில்லியன் டாலருக்கும் குறைவாக இருந்த வெளிநாட்டுக் கடன் பத்தே ஆண்டுகளில் 160 பில்லியனைத் தாண்டியது. அதே ஆண்டுகளில்தான் கெய்ரோவுக்குக் கிழக்கே பாலைவனத்தில் வானுயர்ந்த கோபுரங்களோடு புதிய தலைநகரம் எழுந்தது. அது வேண்டுமா என்று ரொட்டிக்கடை வரிசையில் நிற்பவரிடம் யாரும் கேட்கவில்லை. கடனைக் கட்டும் வேளையில் மட்டும் அவர் நினைவுக்கு வருகிறார்.

ஆகவே ஐ.எம்.எஃப்-பை மட்டும் குறைசொல்லி நாம் ஓய்ந்துவிட முடியாது. வட்டிக்குக் கொடுப்பவருக்கு நிபந்தனை முக்கியம், வாங்கும் ஆட்சியாளருக்கு ஆடம்பரம் முக்கியம். இருவருக்கும் இடையில் நசுங்குவது ஏழை.

இஸ்லாம் காட்டும் வழி வேறு. கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கவும், தள்ளுபடி செய்வது அதைவிடச் சிறந்தது என்றும் இறைமறை போதிக்கிறது. பஞ்ச காலத்தில் கலீஃபா உமர் (ரலி) மக்களுக்குக் கிடைக்காத நெய்யைத் தாமும் உண்ண மறுத்தார்கள். அவர்களின் ஆட்சியில் எகிப்தின் தானியம் கப்பலேறி மதீனாவுக்கு வந்தது. அன்று மதீனாவுக்கு உணவளித்த அந்த மண்தான் இன்று உலகில் மிக அதிகமாகக் கோதுமை இறக்குமதி செய்யும் நாடுகளில் முன்னணியில் நிற்கிறது.

ஜகாத்தும் ஸதகாவும் ஒரு குடும்பத்தின் பசியைப் போக்கும். ஆனால் ஒரு நாட்டின் அநீதியான கணக்கை அவை மட்டும் நேர்செய்துவிடாது. எந்த அரசு கடன் வாங்கினாலும் மூன்று கேள்விகளை நாம் கேட்டாக வேண்டும்: எதற்காக வாங்குகிறீர்கள்? யாரிடம் கேட்டு வாங்குகிறீர்கள்? கட்டும் காலத்தில் முதலில் எதை வெட்டுவீர்கள்? மூன்றாவது கேள்விக்கு ரொட்டி, மருந்து, பள்ளிக்கூடம் என்று பதில் வருமானால், அந்தக் கடன் கையெழுத்தாகும் முன்பே அதை எதிர்ப்பது நம் கடமை.