மெலிந்த நாயும் பொறுப்பின் எடையும்

நுழையும்முன்

உயிர்களிடத்து அன்பு காட்டுதல் வேண்டும் என்பது யாவரும் அறிந்த அறம். அந்த அன்பு எத்தகைய செயலாக மாற வேண்டும் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு. வீட்டிலும் குடியிருப்பு வாயிலிலும் காணும் மெலிந்த நாயை முன்வைத்து இக்கட்டுரை தன் கருத்தை எடுத்துரைக்கிறது.

எலும்பு தெரிய நிற்கும் நாயைக் கண்டால் இரக்கம் கொள்வது மனித இயல்பு. பெரும்பாலும் அந்த இரக்கம் ஒரு பிடி சோற்றோடு முடிந்துவிடுகிறது. சோறிட்டவர் மனநிறைவோடு வீடு திரும்புகிறார். நாயோ மறுநாளும் அவ்வாறே மெலிந்து நிற்கிறது. நாய் உடல் தேறுவதற்கு வாரங்கள் பல ஆகும். அத்தனை வாரங்களும் அதன் உணவு, மருந்து, எடை ஆகியவற்றை ஒருவர் தொடர்ந்து கவனித்து வர வேண்டும். அந்த ஒருவர் இல்லாத இடத்தில் எத்தனை பேர் சோறிட்டாலும் நாய் தேறுவதில்லை.

தீவும் அதன் குடியிருப்புகளும்

கொச்சியில் எறணாகுளத்திற்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையே காயலில் அமைந்துள்ளது வெலிங்டன் தீவு. 1920ஆம் ஆண்டில் கொச்சிக்கு வந்த பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ துறைமுகத்தை உருவாக்கியபோது, கப்பல் செல்லும் வழியை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டி இந்நிலம் அமைக்கப்பட்டது. அக்காலத்து வைஸ்ராய் வெலிங்டன் பிரபுவின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. துறைமுகம், கடற்படை, சுங்கத்துறை, மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் என நடுவணரசு சார்ந்த அமைப்புகள் பல இங்கு உள்ளன. அவற்றில் பணிபுரிவோர் பலர் பணியிட மாற்றத்தால் வந்து, சில ஆண்டுகள் தங்கி, மீண்டும் வேற்றூர் செல்வோர். தமிழ்க் குடும்பங்களும் அவர்களுள் அடங்கும்.

இத்தகைய குடியிருப்பில் ஒரு நாய்க்குச் சிறுவர் பெயர் சூட்டுவர்; ஒரு வீட்டார் சோறிடுவர்; மற்றொரு வீட்டார் மழைக்குத் திண்ணையில் இடம் தருவர். ஆயினும், ‘இந்த நாய் யாருடையது?’ என்று வினவினால் விடை கூற ஒருவரும் முன்வரமாட்டார். பலருடைய நாயாக இருப்பது பல வேளைகளில் ஒருவருடைய நாயாகவும் இல்லாமல் போவதே ஆகும். மெலிவு அங்குத்தான் தொடங்குகிறது.

மெலிவுக்குக் காரணம் பசி மட்டுமா?

மெலிந்த நாயைக் கண்டவர் அனைவரும் ‘உணவு போதவில்லை’ என்றே முடிவு செய்கின்றனர். அம்முடிவு பாதி உண்மையே. குடலில் கொக்கிப்புழுவும் உருண்டைப்புழுவும் பெருகிய நாய் எவ்வளவு உண்டாலும் தேறாது. கொக்கிப்புழு குடற்சுவரைப் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. அத்தகைய நாயின் ஈறு சிவப்பு மங்கி வெளிறித் தோன்றும். ஈரப்பதம் மிக்க கடலோரத்தில் உண்ணிகள் பெருகுகின்றன. அவை பரப்பும் காய்ச்சல் நாயின் பசியைக் கெடுக்கிறது. பல்வலியால் மெல்ல இயலாத நாயும் உண்டு. குட்டிகளுக்குப் பாலூட்டும் தாய் நாய்க்கு வழக்கமான உணவைப் போல் இரு மடங்குக்கு மேலும் தேவைப்படும்.

எனவே, மெலிந்த நாய்க்கு முதலில் கிடைக்க வேண்டியது கால்நடை மருத்துவரின் ஆய்வு. புழு நீக்க மருந்தும் உண்ணி ஒழிப்பும் இல்லாமல் இடப்படும் சோறு, ஓட்டைப் பானையில் ஊற்றிய நீர் போன்றதே. இது நாயின் நலம் மட்டுமன்று. சிறுவரின் நலமும் ஆகும். கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் ஈர மண்ணில் வாழ்ந்து, வெறுங்காலோடு நடப்போரின் தோலிலும் நுழைய வல்லவை.

எல்லா ஒல்லியான நாய்களும் நோயுற்றவை அல்ல என்பதையும் கருத வேண்டும். தென் தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இனங்கள் முயல் வேட்டைக்கெனப் பேணப்பட்டவை. ஒடுங்கிய இடையும் நீண்ட கால்களும் அவற்றின் இயல்பு. அவற்றைக் கொழுக்க வைக்க முயல்வது ஓட்டப்பந்தய வீரரைக் கொழுக்க வைப்பதற்கு ஒப்பாகும். நாயின் விலாவை விரல்களால் மெல்லத் தடவிப் பார்த்தால் உண்மை புலப்படும். எலும்பு கைக்குத் தட்டுப்பட்டு, அதன்மேல் மெல்லிய தசைப்போர்வை இருப்பின் நாய் நலமாக உள்ளது. விலா, முதுகெலும்பு, இடுப்பெலும்பு ஆகியவை தொலைவிலிருந்தே துருத்தித் தெரியின் அது உதவி வேண்டும் நாய்.

உணவும் அளவும்

15 கிலோகிராம் எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி ஆற்றல் தேவை. 100 கிராம் சோற்றில் கிடைப்பது 130 கலோரி அளவே. இரண்டு கை சோறு, அதாவது 200 கிராம், 260 கலோரியைத் தரும். இது தேவையில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. மேலும், தசை வளர்வதற்கு வேண்டிய புரதம் சோற்றில் மிகக் குறைவு. ஆகவே, வெறுஞ்சோறு பசியைத் தணிக்குமேயன்றி உடலைத் தேற்றாது. வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கிய கோழி இறைச்சி, முள் நீக்கி வேகவைத்த மீன், பூசணி, கேரட் ஆகியவை சோற்றோடு சேர வேண்டும். மீனுக்குக் கொச்சியில் பஞ்சமில்லை. ஆனால், மிளகாயும் உப்பும் புளியும் கலந்த மீன்குழம்பு நாய்க்கு உரியதன்று. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சாகும். சமைத்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும்.

அளவிலும் பொறுமை வேண்டும். பல நாள் பட்டினி கிடந்த நாய்க்கு ஒரே வேளையில் வயிறு நிறைய உணவிடுவது ஆபத்தானது. திடீரென மிகுதியாக வரும் உணவை அதன் உடல் தாங்காது. உயிருக்கே கேடு நேரலாம். நாளொன்றுக்கு மூன்று நான்கு முறையாகச் சிறிது சிறிதாகக் கொடுத்து, வாரந்தோறும் அளவைக் கூட்டுவதே ஏற்ற முறை. குடிக்கத் தூய நீர் எப்போதும் இருத்தல் வேண்டும்.

வாரம் ஒருமுறை எடையைக் குறித்து வைப்பதும் இன்றியமையாதது. அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. பெரியவர் ஒருவர் நாயைத் தூக்கிக்கொண்டு எடைபார்க்கும் கருவியில் நிற்க வேண்டும். பின்னர்த் தனியே நிற்க வேண்டும். முதல் எடை 74 கிலோகிராம், இரண்டாவது எடை 62 கிலோகிராம் எனில் நாயின் எடை 12 கிலோகிராம். மூன்று நான்கு வாரங்கள் கடந்தும் அந்த எண் உயரவில்லையெனில் மீண்டும் மருத்துவரை நாட வேண்டும்.

சோறிடுவதோடு கடமை முடிவதில்லை

‘நாய் வளர்ப்பது வசதி படைத்தோர்க்கே இயலும்’ என்பார் உளர். அரசு கால்நடை மருத்துவமனைகளில் குறைந்த செலவிலேயே தடுப்பூசி போடப்படுகிறது. விலையுயர்ந்த இனத்து நாயை வாங்கிவிட்டு, தடுப்பூசிக்கு நேரமில்லை என்போரும் உள்ளனர். ஆதலின், பொறுப்பைப் பணத்தால் அளத்தல் பொருந்தாது.

வெறிநாய்க்கடி நோய் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேரின் உயிரைப் பறிப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. வெறிநோய் ஐயமுள்ள விலங்குகளால் கடிபடுவோரில் 40 விழுக்காட்டினர் 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர் என்றும் அந்நிறுவனம் கூறுகிறது. மனிதர்க்கு இந்நோய் பெரும்பாலும் நாய் வழியாகவே வருகிறது. நாய்க்கு மூன்று மாத வயதில் தொடங்கி உரிய காலத்தில் போடப்படும் தடுப்பூசி இதனைத் தடுக்கவல்லது. கருத்தடையும் அத்தகையதே. வளர்க்க இயலாத குட்டிகள் பிறந்து தெருவில் மெலிவதைக் காட்டிலும் அவை பிறவாதிருத்தலே கருணையாகும்.

தெரு நாய்க்கு உணவிடுவோர்க்கும் நெறிமுறை உண்டு. விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், 2023, சிறுவர் விளையாடும் இடங்களுக்கும் வாயில்களுக்கும் அப்பால் உணவிடும் இடத்தைக் குடியிருப்போர் கலந்து முடிவு செய்ய வேண்டும் என்கின்றன. நாய்க்குக் காட்டும் அன்பு அண்டை வீட்டுக் குழந்தைக்கு அச்சமாக மாறுதல் கூடாது.

2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருவனந்தபுரம் மாவட்டம் அடிமலைத்துறைக் கடற்கரையில் புரூனோ என்னும் வளர்ப்பு நாய் அடித்துக் கொல்லப்பட்டது. கேரள உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்த வழக்குக்கு அந்த நாயின் பெயரே சூட்டப்பட்டது. வளர்ப்பு விலங்கு வைத்திருப்போர் உள்ளாட்சி அமைப்பில் பதிவு செய்து உரிமம் பெற வேண்டும் என அவ்வழக்கில் ஆணை பிறந்தது. உரிமம் என்பது வெறும் காகிதம் எனச் சிலர் கருதலாம். அக்காகிதத்தில் நாயின் பெயருக்கு அருகே ஒரு மனிதரின் பெயரும் எழுதப்படுகிறது. ‘யாருடையது?’ என்னும் வினாவிற்கு அன்று விடை கிடைத்துவிடுகிறது.

நாயின் பெயரைப் பதிந்து வைத்தல் தமிழர்க்குப் புதிதன்று. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள ஏழாம் நூற்றாண்டு நடுகல், ஆநிரை மீட்கும் பூசலில் வீழ்ந்த வீரனோடு, இரு கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் அவனுடைய நாயையும் பெயர் கூறிப் போற்றுகிறது. கல்லில் நாய்க்குப் பெயர் பொறித்த மரபினர், ஏட்டில் அதனைப் பதிவு செய்யத் தயங்க வேண்டியதில்லை.

மாற்றல் ஆணை வரும் நாள்

வெலிங்டன் தீவு போன்ற இடங்களில் பொறுப்பு உண்மையாகச் சோதிக்கப்படுவது மாற்றல் ஆணை வரும் நாளில்தான். மேசை, கட்டில், மிதிவண்டி என யாவும் வண்டியில் ஏறுகின்றன. மூன்றாண்டுகள் சோறுண்டு வாயிலில் காவல் இருந்த நாய் மட்டும் கீழே நிற்கிறது என்றால், அக்குடும்பம் காட்டிய அன்பின் பொருள் என்ன? வீட்டு நாய்க்குத் தெருவில் உணவு தேடும் பழக்கம் இல்லை. தெருவின் பழைய நாய்கள் அதனைத் தம் எல்லைக்குள் விடுவதில்லை. நேற்றுவரை நலமாக இருந்த நாய் மெலியத் தொடங்குவது அன்றுமுதல்தான்.

விலங்குகள் வதைத்தடுப்புச் சட்டம், 1960, வளர்க்கும் விலங்குக்குப் போதிய உணவும் நீரும் உறைவிடமும் தராதிருத்தலையும், பசியால் துன்புறும் வகையில் அதனைக் கைவிடுதலையும் குற்றமாகக் கூறுகிறது. முதன்முறைக் குற்றத்திற்கு அச்சட்டம் வகுத்த தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை மட்டுமே. இவ்வளவு சிறிய தண்டத்திற்கு அஞ்சி எவரும் நாயைப் பேணப் போவதில்லை. மனச்சான்றே அங்குக் காவலாக இருத்தல் வேண்டும்.

‘நாயை எப்படி அழைத்துச் செல்வது?’ என்பது பலர் கூறும் காரணம். இந்திய இரயில்வே முதல் வகுப்பில் தனியறை பெற்ற பயணியர் நாயை உடன் அழைத்துச் செல்ல இசைவு தருகிறது. பிறர்க்குக் காப்பாளர் பெட்டியில் நாய்க்கென உள்ள கூண்டில் முன்பதிவு செய்யும் வழி உண்டு. புதிய ஊரில் வளர்க்க இயலாது எனில், பேணத் தகுந்த ஒரு குடும்பத்தை முன்கூட்டியே தேடி, தடுப்பூசிச் சான்றோடு நாயை ஒப்படைப்பதும் பொறுப்பான செயலே. வழியே இல்லை என்பது தேடாதவர் சொல்.

நாய் ஒன்று பத்து முதல் பதின்மூன்று ஆண்டுகள் வரை வாழக்கூடும். ஐந்தாம் வகுப்பு மாணவர் கொண்டுவரும் குட்டி, அவர் கல்லூரிக் கல்வியை முடிக்கும் காலம்வரை உடனிருக்கும். அதற்குள் அக்குடும்பம் மூன்று நான்கு ஊர்களைக் கடந்திருக்கலாம். குட்டியை வீட்டிற்குள் அழைக்கும் நாளிலேயே பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து இதனைப் பேசி முடிவு செய்தல் வேண்டும். அத்தனை ஆண்டுகள் பேண இயலாது எனத் தெரிந்தால் வளர்க்காதிருப்பதும் அறமே. அத்தகையோர் வாயிலில் நிற்கும் மெலிந்த நாயைக் கால்நடை மருத்துவரிடம் சேர்த்து, தாம் ஊரில் உள்ளவரை முறையாக உணவிட்டு, செல்லும்போது அப்பணியை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துச் செல்லலாம்.

தெரிந்து தெளிவோம்

தமிழில் ‘பட்டி’ என்பது ஆடுமாடுகளை அடைக்கும் இடத்தையும் சிற்றூரையும் குறிக்கும். கோவில்பட்டி, உசிலம்பட்டி போன்ற ஊர்ப்பெயர்களில் அச்சொல்லைக் காணலாம். மலையாளத்தில் ‘பட்டி’ என்பது நாயைக் குறிக்கும். நாயின் இளமைப் பெயராகத் தொல்காப்பிய மரபியல் ‘குருளை’ என்னும் சொல்லைச் சுட்டுகிறது.

அருஞ்சொற்பொருள்

ஆநிரை – பசுக்கூட்டம்
பூசல் – போர்
காயல் – கடலை ஒட்டிய உப்பங்கழி
தண்டம் – குற்றத்திற்குச் செலுத்தும் தொகை
மனச்சான்று – மனசாட்சி

சிந்தித்து விடையளிக்க

1. வெறுஞ்சோறு மட்டும் உண்ணும் நாய் உடல் தேறாததற்குரிய காரணங்கள் இரண்டினை எழுதுக.

2. ‘பலருடைய நாயாக இருப்பது ஒருவருடைய நாயாகவும் இல்லாமல் போவதே’ – இத்தொடரின் பொருளை உமது குடியிருப்பில் கண்டவற்றோடு பொருத்தி விளக்குக.

3. வளர்க்க இயலாது எனில் வளர்க்காதிருப்பதும் அறம் என்னும் கருத்தை நீவிர் ஏற்கிறீரா? காரணத்துடன் ஐந்து தொடர்களில் எழுதுக.