வீட்டில் தோட்டா கெட்டிக்கலாமா? ராசிபுரத்து மாப்பிள்ளைக்கு ஒரு பதில்

இன்று கொஞ்சம் நீளமாகப் போகும். பெல் அடித்தாலும் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

போன வாரம் டெக்சாஸில் இருக்கும் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு காணொளி போட்டார். அவரிடம் .357 மேக்னம் ரிவால்வர் இருக்கிறது. சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிவந்து, கார் ஷெட்டில் ஒரு கை பிரஸ்ஸை வைத்து, மருந்தைக் குறைத்து, பயிற்சிக்கென்று மிதமான தோட்டாவைத் தானே கெட்டித்துக்கொள்கிறார். சுத்தமான வேலை. மேசை மேல் ஒரு தூசி இல்லை. பள்ளியில் அவருடைய செய்முறை நோட்டும் அப்படித்தான் இருக்கும்.

அதன் கீழே நம் ராசிபுரத்து மாப்பிள்ளை எழுதினார்: “மாமா, திருச்செங்கோட்டுல ரிக் வண்டிக்கே பாகம் கடையறாங்க. இந்த டை என்ன பெரிய விஷயமுங்க? அப்பா வெச்சிருந்த .32-க்கு நாமளும் பண்ணிக்கலாமே.” அதற்கு ஒன்பது பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறீர்கள். அந்த ஒன்பது பேரில் நான்கு பேர் என்னிடம் இயற்பியல் படித்தவர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் டெக்சாஸ்காரர் எதில் சரி என்று சொல்லிவிடுகிறேன். மிதமான தோட்டாவில் பழக வேண்டும் என்கிறாரே, அது நூற்றுக்கு நூறு சரி.

1935-இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி .357 மேக்னத்தைக் கொண்டுவந்தபோது செய்தது என்ன? ஏற்கெனவே இருந்த .38 ஸ்பெஷல் கூட்டைச் சுமார் மூன்று மில்லிமீட்டர் நீட்டினார்கள். ஏன் நீட்டினார்கள் என்றால், பலமான தோட்டா பழைய பலவீனமான துப்பாக்கிக்குள் நுழைந்துவிடக் கூடாது என்று. மருந்து எரியும்போது உள்ளே வரும் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. குண்டு இரண்டிலும் ஒரே எடை, பத்து கிராம் சொச்சம். .38-இல் அது வினாடிக்குச் சுமார் 230 மீட்டர் வேகத்தில் போகும். மேக்னத்தில் 375 மீட்டர். இயக்க ஆற்றல் சூத்திரம் மறந்திருக்காது என்று நம்புகிறேன். வேகம் இருபடியில் ஏறுவதால் 270 ஜூல் எங்கே, 717 ஜூல் எங்கே! நியூட்டனின் மூன்றாம் விதியை நான் கரும்பலகையில் எழுதினேன், மேக்னம் உங்கள் மணிக்கட்டில் எழுதும்.

அந்த உதைக்குப் பயந்து உடம்பு ஒரு கெட்ட பாடத்தைக் கற்றுக்கொள்கிறது. விசையை அழுத்தும் அந்தக் கணத்தில், வெடிப்பதற்கு முன்பே கை குலுங்கும், கண் மூடும். நான் என்.சி.சி. அதிகாரியாக இருந்த வருடங்களில் இதை எத்தனை பையன்களிடம் பார்த்திருக்கிறேன்! அதுவும் உதையே இல்லாத .22 ரைபிளில். சத்தத்துக்கே அப்படி. தோட்டா போடாமல் போல்ட்டை மூடி, பையனுக்குத் தெரியாமல் கையில் கொடுத்துச் சுடச் சொல்வேன். ‘டிக்’ என்று ஊசி அடிக்கும். சத்தமே வராது, ஆனால் குழல் முனை ஒரு முழம் கீழே போய் வரும். பையனே வெட்கப்பட்டுச் சிரித்துவிடுவான். நாலு முறை அப்படிச் செய்தால் குலுக்கல் நின்றுவிடும். பருத்திக்காட்டிலிருந்து செருப்பில்லாமல் வந்த பிள்ளைகள், ஐந்து ரூபாய் நாணயத்தால் மூடிவிடக்கூடிய வட்டத்துக்குள் ஐந்து குண்டையும் வைத்ததை இந்தக் கண்ணால் பார்த்தவன் நான்.

அதற்காக .22-ஐ விளையாட்டுச் சாமான் என்று எண்ண வேண்டாம். அதன் பெட்டியிலேயே ஒரு மைல் தூரம் வரை ஆபத்து என்று அச்சிட்டிருப்பார்கள்.

ஆக, பழகுவதற்குச் சின்னத் தோட்டா. இதில் எனக்கும் டெக்சாஸுக்கும் சண்டை இல்லை. சண்டை இனிமேல்தான்.

மாப்பிள்ளை, மருந்தைக் குறைப்பது பாதுகாப்பு என்றுதானே நினைக்கிறீர்கள்? அந்த இடத்தில்தான் ஆபத்தே இருக்கிறது. ஒரு தோட்டாவுக்கு நான்கு பாகம்: கூடு, மருந்து, குண்டு, அடியில் பிரைமர். பிரைமர் என்பது தீபாவளிக்கு நீங்கள் அடித்த பொட்டு வெடியின் அண்ணன். மருந்தை கிரெய்ன் என்ற அளவில் நிறுப்பார்கள். ஒரு கிரெய்ன் என்பது 65 மில்லிகிராம்கூட முழுசாக இல்லை. மிதமான தோட்டாவுக்குப் போடும் வேகமான மருந்து அந்தக் கூட்டில் பாதியைக்கூட நிரப்பாது. பேச்சு சுவாரஸ்யத்தில் அதே கூட்டில் இன்னொரு முறை போட்டுவிட்டால் வழியாது. கண்ணுக்குத் தெரியாது. சுடும்போதுதான் தெரியும், அப்போது சிலிண்டர் பிளந்திருக்கும். மறந்துபோய் மருந்தே போடாமல் விட்டாலோ இன்னும் மோசம். பிரைமரின் பலத்தில் மட்டும் குண்டு குழலுக்குள் பாதி வழி போய் நின்றுகொள்ளும். ‘புஸ்’ என்றது, தோட்டா கெட்டுப்போச்சு என்று அடுத்ததைச் சுட்டால், அடைத்த குழலுக்குள் இரண்டாவது குண்டு வந்து மோதும்.

டெக்சாஸ்காரரிடம் கம்பெனிகள் சோதித்து வெளியிட்ட அளவுப் புத்தகம் இருக்கிறது. டப்பாவில் பெயரும் எண்ணும் போட்ட மருந்து இருக்கிறது. கடையில் பிரைமர் கிடைக்கிறது. சட்டமும் தடுக்கவில்லை. இங்கே உங்களுக்கு எந்த மருந்து கிடைக்கும்? கல்குவாரிக்காரரிடம் வாங்குவதா, வாணவேடிக்கைக்காரரிடம் வாங்குவதா? அதன் எரிவேகம் என்னவென்று எந்தப் புத்தகத்தில் பார்ப்பீர்கள்? டை கடைவது திருச்செங்கோட்டுக்குச் சின்ன விஷயம்தான், ஒத்துக்கொள்கிறேன். உலோகத்தைக் கடையலாம். மருந்தைக் கடைய முடியாது.

மோகனூரை அதற்குள் மறந்துவிட்டீர்களா? 2022 டிசம்பர் 31 விடியற்காலை. புத்தாண்டு வியாபாரத்துக்காக வீட்டுக்குள் வைத்திருந்த பட்டாசு வெடித்து நான்கு உயிர் போனது. நம் மாவட்டம், நம் காவிரிக்கரை. அதை அடுக்கி வைத்தவருக்கும் அது தொழில், தினம் தொடுகிற சரக்கு.

இன்னும் பழைய பாடம் வேண்டுமென்றால் கொல்லிமலை, கல்வராயன், சேர்வராயன் அடிவாரத்து ஊர்களில் பெரியவர்களைக் கேளுங்கள். நாட்டுத் துப்பாக்கி என்பது என்ன? ஒவ்வொரு முறையும் கையால் கரிமருந்தைக் கொட்டி, துணியும் ரவையும் வைத்து, குச்சியால் கெட்டிப்பதுதான். கொஞ்சம் கூடினால் குழல் வாய் பூப்போல விரியும். விரல் போனவர்கள் உண்டு, கண் போனவர்கள் உண்டு. போலீசும் விடாமல் மலைக்கிராமங்களில் அறிவிப்பு செய்துவருகிறது: லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியைப் பொது இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள், வழக்குப் போடமாட்டோம் என்று. மலையில் இருக்கிறவரைத் துப்பாக்கியைக் கீழே வை என்று சொல்லும் காலத்தில், படித்த நீங்கள் சமவெளியில் கொட்டகை போட்டு ஆரம்பிக்கப் போகிறீர்களா?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1959 ஆயுதச் சட்டத்தில் ‘தோட்டா’ என்பதற்கான விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். தோட்டாவின் பாகங்களும், அதைத் தயாரிக்கும் இயந்திரமும் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கும். அதாவது நீங்கள் கடையச் சொல்கிற டை, சட்டத்தின் கண்ணில் தோட்டாதான். லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு வருடம், அதிகபட்சம் ஆயுள். உங்கள் அப்பாவின் ரிவால்வர் லைசென்ஸ், துப்பாக்கியை வைத்துக்கொள்ளத்தான். அது தொழிற்சாலை லைசென்ஸ் அல்ல. பட்டறையில் டை கடைந்து கொடுத்த பாவப்பட்ட டர்னரும் உங்களோடு உள்ளே போவார். அவருக்குப் பிள்ளைகுட்டி இல்லையா?

இதெல்லாம் சொன்னதும் மாப்பிள்ளை ஒரு கேள்வி கேட்பார், எனக்குத் தெரியும். “அப்போ எப்படிங்க மாமா பழகறது?” நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேண்டியது நானல்ல, சர்க்கார்.

2016 ஆயுத விதிகளில் லைசென்ஸ் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வாங்க வேண்டும் என்று வைத்தார்கள். நல்லது. அதற்கப்புறம்? துப்பாக்கி பீரோவில் இருக்கும். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிந்ததும் வாங்கிவர வேண்டும். வருடத்தில் அந்தத் துப்பாக்கி செய்யும் பயணமே அதுதான். கிராமத்துக் காரருக்குக் கூப்பிடு தூரத்தில் முறையாகச் சுட்டுப் பழக ஓர் இடம் கிடையாது. பயிரைக் காக்க வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம் என்று அதே 1959 சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. கொடுத்துவிட்டு, ஒருநாளாவது அவரை இலக்கில் சுட வைத்துப் பார்த்தது உண்டா? 2025 ஜனவரியில் காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழக அரசு முடிவெடுத்தது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம், ஆனால் பயிற்சி பெற்ற வனத்துறையினர்தான் சுட வேண்டும் என்று. பயிற்சி என்ற சொல்லின் அருமை அரசுக்கும் தெரிந்துதான் இருக்கிறது. நம்மிடம் வரும்போது மட்டும் அது மறந்துவிடுகிறது.

இடம் என்றால் ஏதோ ஒரு கரட்டோரம் போதும் என்று சொல்லவில்லை. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை நார்த்தாமலை அருகே சுடும் தளத்திலிருந்து தப்பி வந்த குண்டு, பாட்டி தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் பாய்ந்தது. ஜனவரி 3-ஆம் தேதி இறந்துபோனான். சீருடைக்காரர்கள் சுட்ட தளத்திலேயே அப்படி என்றால், தோட்டத்துக் கிணற்று மேட்டில் தகர டப்பா வைத்துச் சுடும் வீரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் வழி? இருக்கிறது, மருந்தே இல்லாத வழி. 4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கி. 20 ஜூலுக்குள் இருந்தால், .177-க்கு மேல் போகாமல் இருந்தால், அதே 2016 விதிப்படி லைசென்ஸ் தேவையில்லை. பந்தயத்தில் சுடும் காற்றுத் துப்பாக்கிக்கு ஏழெட்டு ஜூல்தான். மேக்னத்தின் 717-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுட வேண்டிய தூரம் பத்து மீட்டர். ஒரு வகுப்பறையும் வராந்தாவும் சேர்ந்தால் அந்த நீளம் வந்துவிடும். முனையில் கெட்டியான சுவரும் ஈயத்தைப் பிடிக்கும் பெட்டியும் வேண்டும், பக்கத்தில் ஒரு கண்டிப்பான வாத்தியார் வேண்டும்.

இது சின்னப் பிள்ளை விளையாட்டு என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. பாரீஸ் 2024 வரை ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் இந்தியா வாங்கியது ஏழு பதக்கம். 2008-இல் அபினவ் பிந்த்ராவின் தங்கம், 2012-இல் ககன் நாரங்கின் வெண்கலம், 2024-இல் மனு பாக்கரின் வெண்கலம், அவரும் சரப்ஜோத் சிங்கும் சேர்ந்து வாங்கிய இன்னொரு வெண்கலம். இந்த நான்கும் காற்றுத் துப்பாக்கியில் வந்தவை. விஜய் குமாரும் ஸ்வப்னில் குசாலேயும் வாங்கியது .22-இல். ராஜ்யவர்தன் ராத்தோரின் 2004 வெள்ளி மட்டும் ஷாட்கன்னில். மேக்னத்தில் ஒன்றுகூட இல்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இரண்டு ஒலிம்பிக்குக்குப் போனதும் காற்றுத் துப்பாக்கியோடுதான்.

நமக்கு வல்வில் ஓரியின் ஊர் என்று ஒரு பெருமை. ஒரே அம்பு பல மிருகங்களைத் துளைத்துப் போன கதையைச் சொல்லி மீசை முறுக்குவோம். அந்த அம்புக்கு முன்னால் வெறும் மரத்தில் அவன் எத்தனை ஆயிரம் அம்பு எய்திருப்பான் என்பதை யாரும் பேசுவதில்லை. கொல்லிமலையில் ஆடி மாத ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டி நடத்துகிறார்கள், சந்தோஷம். மறுநாள் பழகப் பிள்ளைக்கு இடம் எங்கே?

நான் கேட்பது இது. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஒன்றியத்துக்கு ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிக் கூடம். என்.சி.சி. இருக்கிற பள்ளிகளில் ஆரம்பிக்கலாம். சாயங்காலம் பிள்ளைகளுக்கு, ஞாயிற்றுக்கிழமை லைசென்ஸ் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு. மாவட்டத்துக்கு ஒன்றாவது முறையான .22 தளம், நியாயமான விலையில் தோட்டாவோடு. லைசென்ஸ் புதுப்பிக்க வருகிறவர் வருடத்துக்கு ஒருநாள் அங்கே வந்து சுட்டுக்காட்டட்டும். சுடத் தெரியாதவர் துப்பாக்கி வைத்திருப்பது யாருக்குப் பாதுகாப்பு?

மாப்பிள்ளை, உங்கள் .32-ஐக் காலி செய்து, சிலிண்டரைத் திறந்து இரண்டு முறை பாருங்கள். தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். கெட்டிச் சுவரில் ஒரு புள்ளி வைத்து, தினம் பத்து நிமிடம் வெறும் விசை பழகுங்கள். இந்த மாடலில் அப்படி ஊசியை அடிக்கலாமா என்று துப்பாக்கிக் கடைக்காரரை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா இருக்கக் கூடாது. இதற்குத் தோட்டாவே வேண்டாம்.

டெக்சாஸ் தம்பிக்கு: உங்கள் வேலையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கெட்டிக்கும் காணொளியை இந்தக் குழுவில் இனிமேல் போட வேண்டாம் கண்ணு. அந்த பிரஸ் வாங்கிய பணத்துக்கு ஒரு நல்ல காற்றுத் துப்பாக்கி வரும் என்றால், அதை நீங்கள் படித்த பள்ளிக்கு அனுப்ப முடியுமா என்று பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கான கடிதத்தை நான் எழுதி வைத்துவிட்டேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் வீட்டுக்கு வாருங்கள். அந்தக் கட்டை விரல் தூக்கிய ஒன்பது பேரும் கட்டாயம் வர வேண்டும்.