ஜாமெட்ரி பாக்ஸில் மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பள்ளியில் மூன்றாவது பீரியட் வந்தால் யாராவது ஒரு பிள்ளைக்குத் தலைவலி. விசாரித்தால், காலையில் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். டியூஷன், பிறகு பஸ். அரசின் காலை உணவுத் திட்டம் 5ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது, பசி நிற்பதில்லை. ஜாமெட்ரி பாக்ஸில் மாத்திரை மட்டும் தயாராக இருக்கிறது, வெறும் வயிற்றில் போட்டுக்கொள்ள.

மாதவிடாய் வலிக்கு மாணவிகள் கைமாற்றிக்கொள்ளும் மெஃபனாமிக் அமில மாத்திரைதான் கூடுதல் கவலை. தோல் தடிப்பு, காய்ச்சல், உள்ளுறுப்புப் பாதிப்பு வரை போகக்கூடிய ஒவ்வாமை குறித்து இந்திய மருந்தியல் ஆணையம் 2023 இறுதியில் எச்சரித்தது. அது அரிதுதான், பீதி வேண்டாம். வலியும் பொய்யல்ல. ஆனால் மாதாமாதம் பள்ளிக்கு வரமுடியாத அளவு வலித்தால் பார்க்க வேண்டியது மருத்துவரை. தோழியின் மாத்திரை அட்டையை அல்ல.

இதே பிள்ளைகள், பள்ளியில் வாரந்தோறும் இலவசமாகத் தரும் இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியே எறிகிறார்கள். வயிற்றைப் பிரட்டுகிறதாம்! சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கினால் அந்தத் தொல்லை குறையும். அதை எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை.

பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு, கண்ணையும் பல்லையும் பார்ப்பதோடு, இந்த வலிகளைப் பற்றியும் மாணவிகளிடம் தனியே கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை, விழுப்புரம்