சீட்டில் எழுதும் சொல்

பத்தாவது வாரத்து ஸ்கேனில் சிசுவின் இருதயத் துடிப்பு காணப்படவில்லை என்று கேட்டுவிட்டு வெளியே வரும் பெண், டாக்டர் மறுபடி கூப்பிடும்வரை, நிறைமாத வயிற்றோடு மூச்சு வாங்குகிறவர்களுக்கும், பிறந்த செய்தி கேட்டு மிட்டாய்ப் பெட்டியோடு ஓடி வரும் உறவினர்களுக்கும் நடுவே, அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை நம் ஆஸ்பத்திரிகளில் யாரும் ஒரு குறையாகவே எண்ணுவதில்லை. வைத்திய சாஸ்திரத்தின் கணக்கில் இது சாமானிய விஷயம். அறியப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை இவ்விதமே முடிகின்றன. ஆனால் பெஞ்சில் இருப்பவளுக்கு அது ஒன்றுதான்.

கேஸ் ஷீட்டில் விழும் சொல் 'அபார்ஷன்'. தானாகச் சிதைந்ததற்கும் வேண்டிக் கலைத்ததற்கும் ஆங்கில வைத்திய பரிபாஷையில் நெடுங்காலம் அந்த ஒரே சொல்தான் வழங்கியது. 1985-ல் பிரிட்டிஷ் வைத்தியர்கள் சிலர் 'லான்செட்' பத்திரிகைக்கு எழுதி, தானாக நேர்வதற்கு 'மிஸ்கேரேஜ்' என்ற சொல்லையே பிரயோகிக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். நமக்கோ கருச்சிதைவு, கருக்கலைப்பு என்று இரு சொற்கள் தயாராகவே இருக்கின்றன. வீட்டுப் பெரியவர்கள் 'கரு தங்கலை' என்று இன்னும் இதமாகச் சொல்வார்கள். அப்படியிருந்தும், "அபார்ஷன் கேஸ் யாரும்மா?" என்று வராந்தாவில் குரல் எழும்போது, கூட வந்த மாமியாரின் மனத்தில் எழும் சந்தேகத்துக்கு யார் சமாதானம் சொல்வது? பப்பாளி தின்றாயா, ஸ்கூட்டரில் போனாயா, குடம் தூக்கினாயா என்ற விசாரணை ஆட்டோவிலேயே ஆரம்பித்துவிடுகிறது. ஆரம்ப மாதச் சிதைவுகளில் ஏறக்குறையப் பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. அவள் செய்ததோ செய்யாததோ அன்று. இதைக் குடும்பத்தாரை அழைத்து வைத்துச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். கூட்டம் நெரியும் வார்டில் அந்த நிமிஷமும் அரிது என்பதை நான் மறுக்கவில்லை; ஆயினும் 'கழுவி விட்டாச்சு, சின்ன வயசுதானே, அடுத்தது தங்கும்' என்று சொல்வதற்கும் அதே நிமிஷந்தான் ஆகிறது.

பெஞ்சை வேறு பக்கம் போடுவதற்கும், சீட்டில் 'கருச்சிதைவு' என்று தமிழில் எழுதுவதற்கும், எவ்வளவு இரத்தப்போக்கு கண்டால் உடனே திரும்பி வரவேண்டும் என்று சொல்லியனுப்புவதற்கும் பெரிய திட்டமோ நிதியோ வேண்டியதில்லை. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் கொண்டுவந்த உரிமைப்படி, கருச்சிதைவுக்குப் பின் ஆறு வாரம் சம்பளத்தோடு லீவு உண்டு. அதற்குச் சான்று வேண்டும், சான்றைத் தருவதோ ஆஸ்பத்திரி. 2017-ல் பிரசவ லீவு 26 வாரமாக உயர்ந்தது ஊரெல்லாம் பேச்சாயிற்று. இந்த ஆறு வாரத்தைப் பற்றி டிஸ்சார்ஜ் செய்யும் வேளையில்கூட எவரும் வாய் திறப்பதில்லை. காய்ச்சல் என்று எழுதிக்கொடுத்து மூன்றே நாளில் உத்தியோகத்துக்குத் திரும்பிய பெண்களை நான் அறிவேன்.