எழுதுவோர் பலர், அடுக்குவோர் எவர்?

கட்டற்ற மென்பொருளைப் பற்றி எழுதும்போதெல்லாம் நாம் நிரலின் உரிமையையே முதன்மைப்படுத்துகிறோம். நிரலைப் பயன்படுத்தவும் பயிலவும் மாற்றவும் பகிரவும் எவருக்கும் உரிமை உண்டு என்னும் கோட்பாட்டை, 1983இல் அறிவிக்கப்பட்ட குனு திட்டம் உலகின் முன் வைத்தது. அறிவைத் தனியுடைமையாக்கும் முதலாளித்துவப் போக்குக்கு எதிரான மகத்தான அறைகூவல் அது. ஆனால், ஓர் உரிமை ஏட்டில் இருப்பது வேறு. அதை ஒரு சாதாரண மனிதர் கையாள முடிவது வேறு. பூட்டில்லாத நூலகத்தில் நூல்கள் யாவும் தரையில் குவிந்து கிடந்தால், அந்த நூலகம் யாருக்குத் திறந்திருக்கிறது? எந்த நூல் எங்கே கிடக்கிறது என்பதை ஏற்கெனவே அறிந்தவர்க்கு மட்டுமே.

தன்னார்வலர்கள் கூடி உருவாக்கும் மென்பொருள்களுக்கான விளக்க ஆவணங்கள் இன்று பெரும்பாலும் விக்கி வடிவில் இருக்கின்றன. விக்கி என்னும் முறையே நிரலாளர்களிடையே பிறந்ததுதான். அமெரிக்க நிரலாளர் வார்ட் கன்னிங்காம், சக நிரலாளர்கள் தம் பட்டறிவைப் பகிர்ந்துகொள்வதற்காக 1995இல் முதல் விக்கித் தளத்தை அமைத்தார். விரைவு என்னும் பொருள்தரும் ஹவாய் மொழிச் சொல்லை அதற்குப் பெயராக்கினார். 2001இல் விக்கிப்பீடியா தோன்றி அந்த முறையை உலகறியச் செய்தது. டெபியன், ஆர்ச் லினக்ஸ், ஜென்டூ, கேடிஇ எனப் பல சமூகங்கள் தத்தமக்கென விக்கிகளை வளர்த்தன. எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்பது அறிவு உற்பத்தியில் நிகழ்ந்த உண்மையான ஜனநாயகப் பாய்ச்சல் என்பதில் ஐயமில்லை.

சிக்கல் அதற்குப் பின்னரே தொடங்குகிறது. கம்பியில்லா இணைப்பை அமைப்பது எப்படி என்று ஒருவர் ஒரு பக்கம் எழுதுகிறார். அந்தப் பக்கம் கண்ணில் படாமையால் மற்றொருவர் வேறு தலைப்பில் இன்னொரு பக்கம் எழுதுகிறார். மென்பொருளின் பதிப்பு மாறுகிறது. ஒரு பக்கம் திருத்தப்படுகிறது, மற்றது பழைய கட்டளைகளோடு அப்படியே நிற்கிறது. இரண்டும் இப்போது ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. பவணந்தியாரின் நன்னூல், நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் கூறியது கூறலையும் மாறுகொளக் கூறலையும் எண்ணுகிறது. பத்து அழகுகளில் ‘முறையின் வைப்பு’ என்பதையும் சேர்த்து எண்ணுகிறது. ஒருவரே எழுதும் நூலுக்கே இவை வேண்டுமெனில், ஒருவரையொருவர் நேரில் கண்டிராத பல்லாயிரவர் எழுதும் நூலுக்கு எத்துணை வேண்டும்!

இந்த ஒழுங்கின்மையால் அல்லற்படுவோர் யார்? பழுத்த நிரலாளர் அல்லர். அவருக்கு விக்கி தேவையில்லை. ஐயம் எழுந்தால் கேட்பதற்கு நண்பர்கள் உண்டு. புதிதாக வருபவர்தான் திகைத்து நிற்கிறார். அவர் கேள்வி கேட்டால், ‘முதலில் கையேட்டைப் படித்துவிட்டு வா’ என்னும் எரிச்சல் தோய்ந்த விடை வருகிறது. கையேட்டின் எந்தப் பக்கத்தை என்று எவரும் சொல்வதில்லை.

அமெரிக்கப் பெண் விடுதலை இயக்கத்தின் பட்டறிவிலிருந்து 1970களின் தொடக்கத்தில் ஜோ ஃப்ரீமன் ஒரு கருத்தை முன்வைத்தார். கட்டமைப்பே இல்லாத குழு என்று ஒன்று கிடையாது. வெளிப்படையான விதிகள் இல்லாத இடத்தில் மறைமுகமான அதிகாரம் குடியேறுகிறது. அந்த அதிகாரத்தை எவரும் தேர்ந்தெடுப்பதுமில்லை, எவரும் கேள்வி கேட்க முடிவதுமில்லை என்பது அவரது வாதத்தின் சாரம். விக்கிக்கும் இது முற்றிலும் பொருந்தும். ஒழுங்குபடுத்தப்படாத விக்கி சுதந்திரமானது போலத் தோன்றும். உண்மையில் அது, வழி தெரிந்த சிலரின் கையில் சாவியைக் கொடுத்துவிடுகிறது.

வழி இல்லாமல் இல்லை. ஆர்ச் லினக்ஸ் சமூகத்தின் விக்கியை நோக்குவோம். பிற லினக்ஸ் வழங்கல்களைப் பயன்படுத்துவோரும் நாடிச் செல்லும் அளவுக்கு அது பெயர் பெற்றது. அதன் வலிமை, பக்கங்களின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. ஒவ்வொரு கட்டுரையும் ஏதேனும் ஒரு பகுப்பின்கீழ் வந்தே ஆக வேண்டும். ஒரு பக்கத்தில் சொல்லப்பட்டதை இன்னொரு பக்கத்தில் திரும்ப எழுதாமல் இணைப்புக் கொடுக்க வேண்டும். காலாவதியானது, துல்லியம் ஐயத்துக்குரியது, வேறொரு பக்கத்தோடு இணைக்கத்தக்கது என்றெல்லாம் அறிவிக்கும் வார்ப்புருக்களைப் பக்கத்தின் தலையில் இடலாம். இடுபவர் காரணத்தையும் எழுத வேண்டும். கருத்து வேறுபாடுகளை உரையாடல் பக்கத்தில் பேசித் தீர்க்க வேண்டும். மாற்றம் செய்வோர் ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தைச் செய்து, அது ஏன் என்பதைச் சுருக்கமாகப் பதிய வேண்டும். நிறுவும் வழிகாட்டியை முடித்தவர் அடுத்து எங்கே செல்வது என்று தடுமாறாதபடி, பொதுப் பரிந்துரைகள் என்னும் பக்கம் அவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறது. இவை அதிகாரத்தின் கெடுபிடிகள் அல்ல. பலர் கூடி உழைப்பதற்கு அவர்களே வகுத்துக்கொண்ட கட்டுப்பாடுகள். விமர்சனம் எழுத்தில் இருக்கிறது, காரணம் எல்லோர் கண்ணிலும் படுகிறது. அமைப்பு அனுபவம் உள்ள தோழர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

ஆனால், பகுப்புகள் மட்டும் போதா. கற்க வருபவரின் தேவையும், வேலையின் நடுவே ஒரு குறிப்பைத் தேடி வருபவரின் தேவையும் ஒன்றல்ல. படிப்படியான பயிற்சி, குறிப்பிட்ட வேலைக்கான செய்முறை, பார்வைக் குறிப்பு, விளக்கம் என ஆவணங்களை நான்காகப் பிரித்து அணுகும் முறையை டானியேலே புரோசிடா வகுத்துள்ளார். நான்கையும் ஒரே பக்கத்தில் குழைத்து ஊட்டினால் எவர் பசியும் ஆறாது. அதுபோலவே, எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பில்லாத பக்கங்களை விக்கி மென்பொருளே பட்டியலிட்டுக் காட்டும். தமிழில் அவற்றுக்கு ‘உறவிலிப் பக்கங்கள்’ என்று பெயர். அந்தப் பட்டியலை மாதம் ஒருமுறை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உறவு தேடித் தருவதும், பழைய தலைப்பில் தேடி வருபவரைப் புதிய தலைப்புக்கு அனுப்பும் வழிமாற்றுகளை அமைப்பதும் சிறு பணிகள். ஆயினும், வாசகர் பாதி வழியில் திரும்பிச் செல்லாமல் காப்பவை இவைதாம்.

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்வேன். மூலம் ஒழுங்காக இல்லையெனில் மொழிபெயர்ப்பு நிலைக்காது. ஆங்கிலப் பக்கம் மாறிக்கொண்டே இருக்க, அதன் தமிழாக்கமோ மலையாள ஆக்கமோ பழைய செய்தியோடு உறைந்து நின்றால், தாய்மொழியில் படிப்பவரே தவறான வழிக்கு ஆளாகிறார். மீடியாவிக்கி மென்பொருளுக்கான மொழிபெயர்ப்பு நீட்சி, பக்கத்தைச் சிறு அலகுகளாகப் பிரித்து, மூலம் மாறிய அலகை மட்டும் மொழிபெயர்ப்பாளருக்குச் சுட்டிக்காட்டுகிறது. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளே கற்பித்தலின் கருவியாக நிலைபெற்றிருக்கிறது. அத்தகைய முயற்சி மற்ற மாநிலங்களிலும் வேரூன்ற வேண்டுமானால், ஆசிரியரும் மாணவரும் தம் மொழியில் தேடி, தம் மொழியில் விடை காண இயல வேண்டும்.

இத்தனை இன்றியமையாத உழைப்புக்குக் கிடைக்கும் மதிப்பு என்ன? நிரல் எழுதியவர் பெயர் மாநாட்டு மேடையில் ஒலிக்கிறது. இரண்டு பக்கங்களை ஒன்றாக்கி, இருபது இணைப்புகளைச் சரிசெய்தவர் பெயரை எவரும் உச்சரிப்பதில்லை. சமைத்தவரைப் பாராட்டிவிட்டுப் பாத்திரம் துலக்குபவரை மறந்துவிடும் வழக்கம் இங்கும் தொடர்கிறது. பராமரிப்பு உழைப்பைக் காணாமற்போகச் செய்வது முதலாளித்துவத்தின் பழைய கைவரிசை. அதற்கு மாற்றாக எழுந்த சமூகங்கள் அதையே பின்பற்றலாகாது. கவனியாமையின் விலை சிறியதன்று. ஜென்டூ பயனர்கள் தாமாக நடத்திவந்த விக்கி 2008இல் தரவை இழந்தது. முறையான காப்புப் பிரதி இல்லாமையால் பலரின் உழைப்பு அழிந்தது. பொதுவில் வழி கிடைக்காதபோது சந்தை உள்ளே நுழைகிறது. ரெட் ஹாட் நிறுவனத்தின் அறிவுத்தளத்தில் பல தீர்வுக் குறிப்புகள் சந்தாதாரர்க்கே திறக்கின்றன. நிரல் பொதுவுடைமை, அதைக் கையாளும் அறிவு விற்பனைப் பண்டம் என்றால் கிடைத்தது பாதி விடுதலையே.

ஆகவே, கட்டற்ற மென்பொருள் குழுக்களில் இயங்கும் இளைஞர்கள் ஆவணங்களை ஒழுங்குபடுத்துவதை ஓய்வுநேர வேலையாகக் கருதாமல் பொறுப்பாக ஏற்க வேண்டும். ஒவ்வொரு பகுப்புக்கும் ஒரு பொறுப்பாளர், குறித்த கால இடைவெளியில் மீளாய்வு, தவறாத காப்புப் பிரதி, பணி செய்தோர்க்கு வெளிப்படையான அங்கீகாரம் ஆகியவை இன்றே தொடங்கக் கூடியவை. இதற்கு நிரல் அறிவு கட்டாயமில்லை. மொழி பயின்றோர், நூலகர், ஆசிரியர், அச்சகப் பிழைதிருத்துநர் என எவரும் பங்கேற்கலாம். புதிதாக வந்த ஒருவரை அருகே அமர்த்தி, அவர் தேடுவதைக் குறுக்கிடாமல் கவனித்து, அவர் எங்கே தடுமாறினாரோ அங்கே ஓர் இணைப்பை இடுவது போதுமான தொடக்கம். கதவைத் திறந்துவைத்ததோடு நம் கடமை முடிந்துவிடவில்லை; உள்ளே வந்தவர் வழியறிந்து நடக்கவும், நாளை தாமே பிறருக்கு வழிகாட்டவும் இயலும்போதுதான் அறிவு உண்மையாகவே மக்களின் உடைமையாகும்.